கெட்ஹோஸ்ட்நேம்: கணினிப் பெயரின் பின்னால் ஷிப்ட் எழுத்து ஒட்டிக்கொள்கிறது, கரூரில் மட்டும் சரியாக வருகிறது

தறிக்கணக்கு (சோமனூர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரே முதலாளியின் மூன்று விசைத்தறிக் கூடங்களில் ஊடைக் (துணியின் குறுக்கு இழை) கணக்கு எடுக்கும் நிரலைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரு கூடம் கரூரில், ஒன்று இங்கே சோமனூரில், இந்த வருடம் புதிதாக ஒன்று சென்னிமலையில். தறி வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஸ்பெரி பை கணினி வைத்திருக்கிறோம். சென்சார் ஊடையை எண்ணும். நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கணினியின் பெயர், ஷிப்ட், ஊடை எண்ணிக்கை மூன்றையும் ஒரு வரியாகச் சர்வருக்கு அனுப்பும். சனிக்கிழமை கூலி இந்த வரிகளைக் கூட்டித்தான் போடப்படுகிறது. பெயர் பிசகினால் ஒருவர் ஓட்டிய ஊடை இன்னொருவர் கணக்கில் போய் விழும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கணினிகளுக்கு ஊர், தறி, வரிசை எண் என்ற முறையில் பெயர் வைத்திருக்கிறோம்: கரூர்-தறி-01, சோமனூர்-தறி-03, சென்னிமலை-தறி-02 என்று. (கணினியில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள். படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

கரூரிலிருந்து வரும் வரிகளில் எந்தக் குறையும் இல்லை. சோமனூரில் பெயர் முழுதாக வருகிறது, ஆனால் கடைசியில் ஓர் எழுத்து கூடுகிறது. பகல் ஷிப்டில் ‘சோமனூர்-தறி-03ஏ’, இரவு ஷிப்டில் ‘சோமனூர்-தறி-03பி’. சர்வர் இவை இரண்டையும் வேறு வேறு கணினி என்று நினைத்து இரண்டு கோப்பாக எழுதுகிறது. சென்னிமலையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எல்லாக் கணினிகளும் ஒரே பெயரில் வருகின்றன. தறி என்ற சொல்லின் கடைசி எழுத்தும் வரிசை எண்ணும் காணாமல் போய், அந்த இடத்தில் ஷிப்ட் எழுத்து நிற்கிறது. எந்த வரிசை எந்த நெசவாளருடையது என்றே தெரியவில்லை.

நிரல் எனக்கு முன்பு இருந்தவர் சி மொழியில் எழுதியது. ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது. அதில் முதலில் பெயருக்கு 16 பைட் அணி, அடுத்து ஷிப்ட் எழுத்துக்கு 2 பைட் அணி. கணினியின் பெயரைக் கேட்டு வாங்கும் கெட்ஹோஸ்ட்நேம் செயற்கூறுக்குப் பெயர் அணியையும் 16 என்ற எண்ணையும் கொடுக்கிறார். அடுத்த வரியிலேயே அதை எழுதும் பிரிண்ட்எஃப். கெட்ஹோஸ்ட்நேம் திருப்பித் தரும் மதிப்பை நிரல் எங்கும் பார்ப்பதில்லை. சி99 தரம் என்று சொல்லிக் கம்பைல் செய்யும்போது, இந்தச் செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வருகிறது. ஆனால் நிரல் ஓடுகிறது.

மூன்று ஊரிலும் ஒரே நிரல், ஒரே இயங்குதளம். அப்படியிருக்க கரூரில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? ஷிப்ட் எழுத்து பெயருக்குள் எங்கிருந்து வருகிறது?

---

ஈங்கூர் மாணவன்

வணக்கம் அண்ணா. கெட்ஹோஸ்ட்நேமே வேண்டாம். டெர்மினலில் ஹோஸ்ட்நேம் என்ற மாறியை எக்கோ செய்து பாருங்கள், பெயர் முழுதாக வரும். சி நிரலில் சூழல் மாறிகளைப் படிக்கும் கெட்என்வ் மூலம் அந்த மாறியையே படித்துக்கொள்ளலாம். பஃபர் அளவு பற்றிய கவலையே இல்லை.

---

பம்புசெட் (கோவை)

மாணவத் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலரும் போகும் வழி. டெர்மினலில் தெரியும் அந்த மாறி, பாஷ் ஷெல் தன் வசதிக்காக வைத்துக்கொள்வது. அதைத் தான் தொடங்கும் நிரல்களுக்கு அது தானாக அனுப்பி வைப்பதில்லை. ரெட்ஹாட் வகை லினக்ஸில் உள்நுழையும்போது ஓடும் கோப்பில் அதை ஏற்றுமதி செய்கிறார்கள், அதனால் அங்கே கெட்என்வ் பலன் தரும். டெபியனிலும் அதை ஒட்டிய ராஸ்பெரி பை இயங்குதளத்திலும் பொதுவாகக் கிடைக்காது. பின்னணியில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவையாகவோ, நேரம் பார்த்து நிரலை ஓட்டும் கிரானிலிருந்தோ தொடங்கினால் பாஷ் ஷெல் பொதுவாக நடுவில் இருப்பதில்லை. கெட்என்வ் நல் சுட்டியை (எதையும் காட்டாத வெற்றுச் சுட்டி) தரும், அதை அப்படியே அச்சிடப் போனால் நிரல் விழலாம், அல்லது பெயரின் இடத்தில் ‘நல்’ என்று மட்டும் வரலாம். மேசையில் உட்கார்ந்து சோதிக்கும்போது ஓடி, கூடத்தில் கொண்டுபோய் வைத்ததும் நிற்கும் ஏற்பாடு இது. கணினியின் பெயர் இயங்குதளத்தின் மையமான கருவகத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் கெட்ஹோஸ்ட்நேம் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், தறிக்கணக்கு அவர்களே. நீங்கள் ஸ்ட்ரக்ட் வரை சொன்னதால் இங்கிருந்தே முழுக் காரணத்தையும் காட்ட முடிகிறது.

எழுத்தை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் கரூர் 5 எழுத்து, சோமனூர் 7, சென்னிமலை 11. பின்னால் வரும் கோடு, தறி, இன்னொரு கோடு, இரண்டு இலக்கம் ஆகியவை சேர்ந்து 9. ஆக கரூர்ப் பெயர் 14 எழுத்து, சோமனூர்ப் பெயர் 16, சென்னிமலைப் பெயர் 20. சி மொழியில் ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதை அதன் இறுதியில் நிற்கும் சுழி பைட்தான் சொல்கிறது. அதற்கும் ஓர் இடம் வேண்டும். ஆகவே கரூருக்கு 15 பைட் தேவை. 16 பைட் அணியில் அது அடங்கிவிடுகிறது.

சோமனூருக்கு 17 பைட் தேவை. உங்கள் இயங்குதளத்தில் சி நிரல்களுக்கு அடிப்படையாக இருப்பது ஜிலிப்சி நூலகம். அது உள்ளே யூநேம் அழைப்பின் மூலம் பெயரை வாங்கி, நீங்கள் கொடுத்த அளவுக்கு மட்டும் படி எடுக்கிறது. 16 என்று சொன்னீர்கள், 16 எழுத்தையும் வைத்துவிட்டது. சுழிக்கு இடம் இல்லை, அதனால் வைக்கவில்லை. பிறகு -1 என்று திருப்பி, எர்னோவில் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை எண்ணையும் வைத்துவிட்டது. நிரல் அதைப் பார்க்காமல் பிரிண்ட்எஃபுக்குப் போகிறது. பிரிண்ட்எஃப் சுழியைத் தேடிக்கொண்டே நினைவகத்தில் நடக்கும். ஸ்ட்ரக்டில் பெயருக்கு ஒட்டினாற்போல் அடுத்த பைட்டில் என்ன இருக்கிறது? ஷிப்ட் அணி. அதில் ஏ அல்லது பி, அதன் பின் ஒரு சுழி. அங்கே போய் நிற்கிறது. பெயரின் வாலில் வந்த எழுத்து உங்கள் ஷிப்ட் எழுத்தேதான்.

சென்னிமலையில் முதல் 16 எழுத்து மட்டும் உள்ளே போகிறது. தறி என்பதன் கடைசி ‘ஐ’ எழுத்து, கோடு, இரண்டு இலக்கம் ஆகிய நான்கும் வெளியே விழுகின்றன. வரிசைக்கு வரிசை வேறுபடுவது அந்த இரண்டு இலக்கம் மட்டும்தான் என்பதால் எல்லாக் கணினிகளும் ஒரே பெயராகிவிடுகின்றன. அதற்கும் சுழி இல்லை, ஆகவே ஷிப்ட் எழுத்து அங்கேயும் ஒட்டுகிறது.

ஓரம் மடித்துத் தைக்காமல் வெட்டிய துணி போன்றதுதான் இறுதிச் சுழி இல்லாத சரம். எங்கே போய்ப் பிரியும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஸ்ட்ரக்டில் பக்கத்திலேயே ஒரு சுழி இருந்ததால் ஓர் எழுத்தோடு நின்றது. அந்த வரிசையை மாற்றி எழுதியிருந்தால் வரி முழுக்கக் குப்பை வந்திருக்கும், அல்லது நிரல் விழுந்திருக்கும். இந்தப் பெயரை வேறொரு 16 பைட் அணிக்கு எஸ்டிஆர்காப்பி மூலம் படி எடுக்கும் இடம் நிரலில் இருந்தால் உடனே பாருங்கள். அங்கே படிப்பதோடு நிற்காது, பக்கத்து நினைவகத்தில் எழுதியே விடும்.

திருத்தம் இப்படி. பெயருக்கு 256 பைட் அணி வையுங்கள். லினக்ஸில் கணினிப் பெயரின் உச்சம் 64 பைட், அதாவது ஹோஸ்ட்_நேம்_மேக்ஸ் என்ற மாறிலியின் மதிப்பு. சுழியோடு 65 போதும். ஆனால் மேக் கணினியில் அந்த மாறிலியே அறிவிக்கப்பட்டிருக்காது, அங்கே சிஸ்கான்ஃப் மூலம் கேட்க வேண்டும். விண்டோஸ் ஆவணமோ 256 பைட் எப்போதும் போதும் என்று சொல்கிறது. ஆகவே 256 என்று வைத்துவிட்டால் எங்கும் தொல்லை இல்லை. கெட்ஹோஸ்ட்நேம் 0 தவிர வேறு எதைத் திருப்பினாலும், எர்னோவைப் பிழைப் பதிவில் எழுதிவிட்டு நிரல் நின்றுவிட வேண்டும். கூலிக் கணக்குக்குப் போகும் வரி, தவறான பெயரோடு போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல். அழைப்பு வெற்றி பெற்றாலும் அணியின் கடைசி பைட்டில் நீங்களே ஒரு சுழியை வைத்துவிடுங்கள். பெயர் வெட்டுப்பட்டால் சுழி இருக்குமா இருக்காதா என்பதை யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் வரையறுக்கவில்லை. நூலகத்துக்கு நூலகம் மாறும் ஒன்றை நம்பி நிரல் எழுதக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. இந்த வேலையைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அணியைச் சுட்டியாக அனுப்பினால், அதற்குள் சைஸ்ஆஃப் போட்டு அளவு எடுக்காதீர்கள். அங்கே கிடைப்பது சுட்டியின் அளவு: 64 பிட் இயங்குதளத்தில் 8, 32 பிட்டில் 4. 32 பிட்டில் சோமனூர் ‘சோம’ என்று நின்றுவிடும். அளவைத் தனி அளபுருவாக அனுப்புங்கள்.

கம்பைலர் எச்சரிக்கையையும் விட்டுவிடாதீர்கள். கெட்ஹோஸ்ட்நேம் சி தரத்தில் உள்ளதன்று. 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் வந்து, பிறகு போசிக்ஸில் சேர்ந்தது. ஆகவே கண்டிப்பான சி99 என்று சொன்னால் யுனிஸ்டிடி தலைப்புக் கோப்பு அதை மறைத்துவிடுகிறது. சி99-க்குப் பதில் குனு99 என்று கொடுங்கள், அல்லது எல்லாத் தலைப்புக் கோப்புக்கும் மேலே போசிக்ஸ் சி சோர்ஸ் என்ற மேக்ரோவை 200112எல் என்று வரையறுங்கள். தலைப்புக் கோப்புக்குக் கீழே வரையறுத்தால் பயன் இல்லை. இன்று எச்சரிக்கையாக இருப்பது ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பில் பிழையாகிவிட்டது. அடுத்த முறை இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் நிரல் கம்பைல் ஆகவே மறுக்கும்.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

பம்புசெட் அண்ணன் சொன்னதில், கடைசி பைட்டில் சுழி வைப்பதோடு அளவும் சரியாக இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சேவைகள் பெரும்பாலும் ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னர்களில் (ஒரே கணினிக்குள் தனித்து ஓடும் அடைப்புகள்) ஓடுகின்றன. ஆல்பைனில் ஜிலிப்சி இல்லை, மசல் என்ற சிறிய நூலகம். அது பெயரை வெட்டினால் கடைசி இடத்தில் சுழியைத் தானே வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று 0 திருப்புகிறது. சோமனூர்-தறி-03 என்ற பெயரை 16 பைட் அணியில் கேட்டால் கடைசி 3 மட்டும் விழுந்து ‘சோமனூர்-தறி-0’ என்று வரும். பிழையும் இல்லை, குப்பையும் இல்லை. பார்க்கச் சுத்தமாக இருக்கும் தவறான பெயர். திருப்பும் மதிப்பை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் அங்கே பிடிபடாது. ஜிலிப்சியாவது உரக்கச் சொல்கிறது, அதற்காக நான் அதற்கு நன்றி சொல்வேன்.

கண்டெய்னர் என்றதும் இன்னொன்று. சர்வர் பக்க நிரலை நாளைக்குக் கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்குள் கொண்டுபோனால், கெட்ஹோஸ்ட்நேம் தருவது கண்டெய்னரின் பெயரை. நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால் அது அந்தக் கண்டெய்னர் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்து. கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு முறையும் மாறும். லினக்ஸ் கருவகம் பெயருக்கென்று தனிப் பெயர்வெளி வைத்திருப்பதால் உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் இருக்க முடிகிறது. டாக்கரைத் தொடங்கும்போதே ஹோஸ்ட்நேம் விருப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சென்னிமலைக்குக் கணினிகளைத் தயார் செய்தபோது ஒரு மெமரி கார்டை அப்படியே மற்றவற்றுக்குப் படி எடுத்தீர்களா? அப்படியானால் பெயரை மாற்றினாலும் மெஷின்-ஐடி கோப்பில் உள்ள 32 இலக்க அடையாளம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். மனிதர் படிக்கக் கணினிப் பெயர் நல்லது. கணினியை உறுதியாகப் பிரித்தறிய வேண்டுமானால் அதோடு ராஸ்பெரி பையின் வரிசை எண்ணையும் அனுப்புங்கள். அது சிபியுஇன்ஃபோ கோப்பின் கீழ்ப்பகுதியில் சீரியல் என்ற வரியில் இருக்கும். கார்டைப் படி எடுத்தாலும் அது மாறாமல் அந்தந்தப் பலகையோடு நிற்கும்.

---

ஈங்கூர் மாணவன்

இரண்டு பேருக்கும் நன்றி. கெட்என்வ் நிரலைச் சிஸ்டம்டி சேவையாக ஓட விட்டேன், நல் சுட்டிதான் வந்தது. ஒரு சந்தேகம். யூநேம் அழைப்பையே நேரடியாகப் பயன்படுத்தினால் அளவுப் பிரச்சினையே வராது அல்லவா? நோட்நேம் என்ற புலம் அந்த ஸ்ட்ரக்டிலேயே இருக்கிறது.

---

பம்புசெட் (கோவை)

நல்ல கேள்வி தம்பி. லினக்ஸில் அது சரியான வழிதான். நோட்நேம் புலம் 65 பைட், சுழியோடு முழுப் பெயரும் வரும், அளவை நாம் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பெயரை நோட்நேமிலிருந்து நம் 16 பைட் அணிக்கு மாற்றும் இடத்தில் அதே பள்ளம் காத்திருக்கும். விண்டோஸில் யூநேம் கிடையாது என்பதும் உண்டு. அங்கே கெட்ஹோஸ்ட்நேம் வின்சாக் நூலகத்தில் இருக்கிறது, முதலில் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்டப் அழைக்காவிட்டால் 10093 என்ற பிழை வரும். அலுவலகக் கணினியில் சோதித்துப் பார்க்கிறவர்கள் பலரும் அங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள்.

---

தறிக்கணக்கு (சோமனூர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எழுத்தை எண்ணிக் காட்டியதும் மூன்று ஊரும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டன. அணியை 256 ஆக்கி, திருப்பும் மதிப்பைச் சோதித்து, கடைசியில் சுழி வைத்து, குனு99-இல் கம்பைல் செய்தேன். எச்சரிக்கை போய்விட்டது. சென்னிமலையில் எல்லா வரிசைகளும் தனித்தனியாக வருகின்றன. நொய்யல்கரை அவர்கள் சொன்னபடி வரிசை எண்ணையும் சேர்த்துவிட்டேன். மெமரி கார்டைப் படி எடுத்தது உண்மைதான், கணினிகளை நிறுவியவர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. கணினிப் பெயரைத் தமிழிலேயே வைக்க முடியுமா? கூடத்து மேஸ்திரிகள் திரையைப் பார்த்ததும் படிக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அடுத்து, ஏற்கனவே சர்வரில் கிடக்கும் பிசகிய வரிகளை எப்படிப் பிரிப்பது? சென்னிமலை நெசவாளர்களுக்கு ஒரு ரூபாய் கூடக் குறையக் கூடாது.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆசை நல்ல ஆசை, அதற்கு வழியும் இருக்கிறது. உண்மையான கணினிப் பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1123 சொல்வது அதுதான், டிஎன்எஸ் உள்பட மற்ற நிரல்கள் அதையே எதிர்பார்க்கின்றன. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. சோமனூர் என்பதில் புள்ளியும் துணைக்குறிகளும் சேர்த்து 7 குறியீடுகள், அதாவது ஊர்ப் பெயருக்கு மட்டும் 21 பைட். 16 பைட்டில் வெட்டினால் ஆறாவது குறியீடு நடுவில் உடைந்து, திரையில் கேள்விக்குறிதான் மிஞ்சும்.

மேஸ்திரிகளுக்காக ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் பிரிட்டி என்ற விருப்பம் இருக்கிறது. அதில் ‘சோமனூர் மூன்றாம் வரிசை’ என்று இடைவெளியோடு தமிழிலேயே எழுதலாம். அது மெஷின்-இன்ஃபோ கோப்பில் தனியாகச் சேமிக்கப்படும். கெட்ஹோஸ்ட்நேம் அதைத் தராது. திரைக்கான நிரல் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ள வேண்டும். கணக்குக்கு ஆங்கிலப் பெயர், கண்ணுக்குத் தமிழ்ப் பெயர்.

---

பம்புசெட் (கோவை)

பழைய வரிகளுக்கு வருகிறேன். சோமனூர் எளிது. அங்கே பெயர் முழுதாக இருக்கிறது, 17-ஆவது எழுத்தை மட்டும் நீக்கினால் போதும். நீக்கும் முன், அந்த எழுத்தும் அதே வரியில் உள்ள ஷிப்ட் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிரலே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பொருந்தாத வரியைத் தொடாமல் தனியே ஒதுக்குங்கள்.

சென்னிமலை வரிகளில் வரிசை எண் எங்குமே பதியவில்லை, ஆகவே பெயரிலிருந்து அதை மீட்க வழி கிடையாது. சர்வர் தன் பக்கத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து வரி வந்தது என்று எழுதி வைத்திருக்கிறதா பாருங்கள். ரௌட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரி ஒதுக்கியிருந்தால் அதை வைத்து வரிசையைப் பிரித்துவிடலாம். முகவரி மாறிக்கொண்டே இருந்திருந்தால் அதை நம்பாதீர்கள், ரௌட்டர் முகவரிகளை ஒதுக்கியதைக் காட்டும் டிஹெச்சிபி பதிவில் அந்தந்தத் தேதிக்கு எந்த முகவரி யாருக்கு என்று இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் மேஸ்திரி கையில் எழுதும் ஷிப்ட் நோட்டும் மடித்த துணியின் மீட்டர் கணக்கும்தான் ஆதாரம். கூடத்தின் மொத்த ஊடை சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் எண்ணிக்கை தவறவில்லை, பெயர்தான் தவறியது. நோட்டிலிருந்து வரிசைவாரியாகப் பிரித்து, கூட்டுத்தொகை அந்த மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நெசவாளர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள், தாங்கள் எந்த நாளில் எத்தனை மீட்டர் இறக்கினோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூல லாக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். திருத்திய வரிகளைத் தனிக் கோப்பில், எதை வைத்துத் திருத்தினீர்கள் என்ற குறிப்போடு எழுதுங்கள்.